ரொபுஷோன் மாதிரி ஆகணும்னா பாரீஸ் போயே ஆகணுமா?

கேள்வி: அண்ணே வணக்கம். எனக்கு 22 வயசு, திருச்சி பக்கம். ஹோட்டல் மேனேஜ்மென்ட் முடிச்சுட்டு சென்னைல ஒரு பெரிய ஹோட்டல்ல கமி 2வா, அதாவது கிச்சன்ல கீழ்ப்படி சமையக்காரனா இருக்கேன். ஆகஸ்ட் 6 ப்ரெஞ்சு ஷெஃப் ஜோயல் ரொபுஷோன் நினைவு நாள்னு எங்க செட் பசங்க எல்லாரும் அவரோட உருளக்கிழங்கு ப்யூரே (மசியல்) வீடியோவ ஷேர் பண்ணாங்க, அத பாத்ததுலேர்ந்து சரியா தூக்கமே வரல. பாரீஸ் போய் அந்த மாதிரி ஒரு கிச்சன்ல நின்னு கத்துக்கணும்னு இருக்கு. ஒரு ஏஜென்ட் மூணு ஸ்டார் (மிஷ்லின் கைடு குடுக்கற உச்ச மதிப்பு) ரெஸ்டாரன்ட்லயே ஆறு மாசம் ஸ்டாஜ், அதாவது கிச்சன் பயிற்சி வாங்கித் தரேன், நாலு லட்சம் ஆகும்ங்கறார். இங்க எங்க சூ ஷெஃப் (பெரிய ஷெஃபுக்கு அடுத்த ஆள்) தினம் கெட்ட வார்த்தை, போன வாரம் சூடான தட்ட என் மேல வீசினார், முழங்கைல பட்டு கொப்புளம். கேட்டா ரொபுஷோனே டிவில வர்ற அந்த பிரிட்டிஷ் ஷெஃப் கார்டன் ராம்சே மேல தட்ட வீசினவர்தான்டா, இதெல்லாம் தாங்கினாதான் நீ ஷெஃப்ங்கறார். வீட்ல அப்பா, சமையக்காரனாக்கவா கடன் வாங்கி படிக்க வெச்சேன்னு கேக்கறார். போகலாமா வேணாமா, உள்ளத உள்ளபடி சொல்லுங்கண்ணே.

பதில்:

தம்பி, மொதல்ல அந்த நாலு லட்சத்த யார் கையிலயும் குடுத்துடாத. ஏன்னு கீழ விவரமா எழுதறேன், ஆனா நீ பாதில படிக்கறத விட்டுட்டாலும் இந்த ஒரு விஷயம் உன் கண்ணுல பட்டிருக்கணும்னுதான் மேலயே போட்டுட்டேன்.

நான் பாண்டிச்சேரிக்காரன். பாரீஸ்ல பாத்திரம் கழுவற எடத்துலேர்ந்து ஆரம்பிச்சு சூ ஷெஃப் வரைக்கும் வந்தவன். ரொபுஷோன்கிட்ட நேரா வேலை பாத்ததில்ல, ஆனா அவர்கிட்ட பழகி வந்த ஒருத்தருக்கு கீழ வருஷக்கணக்கா நின்னிருக்கேன், அதனால அந்த கிச்சன் பழக்கம் எப்படினு எனக்கு கொஞ்சம் தெரியும்.

நீ பாத்த வீடியோல ஒரு பெரியவர் கறுப்புச் சட்டையோட சாந்தமா நின்னு கிழங்க கிண்டுவார், வெண்ணெய் உள்ள போய்ட்டே இருக்கும், பாக்கற நமக்கே ஒரு நிம்மதி வரும். அதுக்கு முன்னாடி நடந்தது எதுவும் வீடியோல வராது. 1945ல ப்வாத்தியேங்கற ஊர்ல பொறந்தவர், அப்பா கொத்தனார். சாமியாராகணும்னு சின்ன வயசுலயே செமினரில போய் சேர்ந்தவர், அங்க கன்னியாஸ்திரிகளுக்கு சமையக்கட்டுல கூடமாட ஒத்தாசை பண்ணப்பதான் இதுல ஆசை வந்திருக்கு. 15 வயசுல படிப்ப விட்டுட்டு ரெலே த ப்வாத்தியேங்கற ஹோட்டல்ல அப்ரென்டிஸா சேர்ந்தார். 21 வயசுல கொம்பாஞோன்னு ஒரு பழைய கைத்தொழில் அமைப்புல சேர்ந்தார், அதுல ஊர் ஊரா போய் வேற வேற மாஸ்டர்கிட்ட வேலை பாத்து தொழில் கத்துக்கணும், தச்சர், கல்லு வேலை பாக்கறவங்க எல்லாரும் அப்படித்தான் சுத்துவாங்க. 29 வயசுல பாரீஸ் கொன்கோர்ட் லஃபாயெத் ஹோட்டலுக்கு ஷெஃப் ஆனார். 1976ல மெய்யர் உவ்ரியே த ஃப்ரான்ஸ், அதாவது ப்ரான்ஸோட தலைசிறந்த கைவினைஞர்ங்கற பட்டம், காலர்ல நீலம் வெள்ளை சிவப்பு போட்டுக்கறாங்களே அது. 1981 கடைசிலதான் பாரீஸ் 16வது வட்டாரத்துல ஜமேன் ரெஸ்டாரன்ட் திறந்தார். அதுக்கப்பறம் வேகம்தான், 82, 83, 84னு வருஷத்துக்கு ஒரு மிஷ்லின் ஸ்டார், மூணு வருஷத்துல மூணு. அந்த வேகத்ததான் எல்லாரும் பேசுவாங்க. 15 வயசுக்கும் 36 வயசுக்கும் நடுவுல போன இருபத்தோரு வருஷத்த யாரும் பேசறதில்ல.

அதுல ஒண்ணு உனக்குன்னே சொல்றேன். அந்த கொன்கோர்ட் லஃபாயெத் ஒண்ணும் இருபது டேபிள் போட்ட நாசூக்கான எடம் இல்ல, 90 சமையக்காரங்க, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல சாப்பாடு போற பேங்க்வெட் ஹோட்டல். நீ இப்ப ஒரு பெரிய ஹோட்டல் கிச்சன்ல நின்னுட்டு இதெல்லாம் ஒரு வேலையானு நெனைக்கலாம், ஆனா அவரோட கணக்கும் ஒழுங்கும் அங்கதான் கெட்டிப்பட்டுச்சுனு நான் நெனைக்கறேன். ஆயிரம் தட்டுக்கு ஒரே உப்பு போட தெரிஞ்சவனுக்குதான் நாப்பது தட்டுக்கு ஒரே உப்பு போடறது சாதாரணமா இருக்கும்.

இப்ப அந்த ப்யூரேக்கு வருவோம், ஏன்னா உன் கேள்வியோட உயிரே அதுலதான் இருக்கு. அவர் வெளில குடுத்த ரெசிபில ஒரு கிலோ கிழங்குக்கு 250 கிராம் வெண்ணெய், 20லேர்ந்து 30 சென்டிலிட்டர் பால், உப்பு, அவ்ளோதான். ரெஸ்டாரன்ட்ல வெண்ணெய் இதவிட தாராளமா போச்சுனு உள்ள இருந்தவங்க சொல்வாங்க. ஆனா வெண்ணெய்ய அள்ளிக் கொட்டினா அந்த ப்யூரே வந்துடும்னு நெனைக்காத. கிழங்கு ராத்ங்கற வகை, விரல் நீளத்துல சின்னதா, மாவா உதிராம இருக்கும். எல்லாம் ஒரே சைஸா பொறுக்கணும், இல்லாட்டி ஒண்ணு வெந்து ஒண்ணு வேகாம நிக்கும். தோல் சீவாம பச்சத்தண்ணில, லிட்டருக்கு 10 கிராம் கல்லுப்பு போட்டு வேக வெக்கணும், தோலோட வெந்தா கிழங்கு தண்ணி குடிக்காது. கத்தி குத்தினா வழுக்கிட்டு போற பதம் வந்ததும் வடிச்சு, ஆற விடாம சூட்டோட சூடா தோல உரிக்கணும். விரல் நுனி என்ன ஆகும்னு நீயே யோசிச்சுக்கோ. அப்பறம் கைப்பிடிய சுத்தினா கிழங்கு கீழ இழை இழையா இறங்குமே அந்த அரைப்பான்ல, இருக்கறதுலயே சின்ன ஓட்டை தட்டு போட்டு அரைக்கணும். மிக்சில போட்டியோ, ப்ளேடு வெட்டுல மாவு அணு ஒடஞ்சு போஸ்டர் ஒட்டற பசை மாதிரி ஆயிடும். அரைச்சத கனமான பாத்திரத்துல போட்டு நாலஞ்சு நிமிஷம் கட்டைக் கரண்டியால கிண்டி ஈரத்த ஓட்டணும், இங்கதான் பாதி பேர் அவசரப்படுவாங்க, ஈரம் போனாதான் வெண்ணெய்க்கு உள்ள எடம் கிடைக்கும். வெண்ணெய் ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த குளிர்ச்சியோட இருக்கணும், துண்டு துண்டா, ஒண்ணு கலந்ததும் அடுத்தது, தோள் வலிக்க வலிக்க கிண்டணும். கடைசில கொதிக்கற பால மெல்லிசா ஊத்திட்டே அடிக்கணும். அதுக்கும் மேல நைசா வேணும்னா டிரம் மாதிரி இருக்கற சல்லடைல ஒரு தடவை தேய்ச்சு இறக்கணும். ஜமேன்ல இதையெல்லாம் பண்ணினாங்க, மதியம் ஒருவாட்டி, ராத்திரி ஒருவாட்டி, ரெஸ்டாரன்ட் திறந்திருந்த நாளெல்லாம்.

இதுல ரகசியம்னு ஏதாவது தெரியுதா? எனக்கு ஒண்ணும் தெரியல. ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் இருக்கு, எந்தப் படியையும் இன்னிக்கு ஒரு நாள் விட்டுடலாம்னு விடாம இருக்கறதுதான் முழு விஷயமும். அவரோட இன்னொரு பேர் போன அயிட்டம் கேவியர் ஜெல்லி மேல காலிஃப்ளவர் க்ரீம் போட்டது, அதுல தட்டு ஓரத்துல சுத்தி சின்னச் சின்ன புள்ளியா சாஸ் வெப்பாங்க, எல்லாப் புள்ளியும் ஒரே சைஸ், ஒரே இடைவெளி, ஒண்ணு கோணினா தட்டு திரும்பி வரும். அதுவும் இதே கதைதான்.

அந்தத் தோல உரிச்சது யாரு, அந்தப் புள்ளிய வெச்சது யாருனு கேட்டுப் பாரு. ரொபுஷோன் இல்ல, உன்ன மாதிரி 20, 22 வயசு பசங்க. ப்ரான்ஸ் கிச்சன்ல இத யாரும் மறைக்கறதும் இல்ல. பால் பொகூஸ்னு இன்னொரு பெரிய ப்ரெஞ்சு ஷெஃப் பத்தி ஒரு கதை சொல்வாங்க, நீங்க ஊர்ல இல்லாதப்ப யார் சமைக்கறாங்கனு யாரோ கேட்டதுக்கு, நான் இருக்கறப்ப யார் சமைக்கறாங்களோ அவங்கதான்னு சொன்னாராம். 2018 ஜனவரில அவர் போனார், அதே வருஷம் ஆகஸ்ட்ல ரொபுஷோன் ஜெனிவால கேன்சர்ல போனார், 73 வயசு, அப்ப உலகம் பூரா இருந்த அவர் ரெஸ்டாரன்ட்களுக்கு சேர்த்து முப்பதுக்கு மேல ஸ்டார், வேற யாருக்கும் அவ்ளோ கிடையாது. அந்த ஸ்டார் ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி விரல் வெந்த ஒரு கூட்டம் இருந்துச்சு, அவர் பேர் தெரிஞ்ச அளவுக்கு அவங்க பேர் யாருக்கும் தெரியாது. அதுல நீயும் சேரணும்னு ஆசைப்படறப்ப இத தெரிஞ்சுட்டே ஆசைப்படு, அவ்ளோதான்.

சரி, தட்டு விஷயம். ராம்சே மேல லாங்குஸ்தீன் (ஒரு வகை கடல் இறால்) ராவியோலி தட்ட வீசின கதை நெஜம்தான், வெளில எல்லாருக்கும் தெரிஞ்சது. ஜமேன் பயங்கரமான கிச்சன்தான், அதுல பொய் இல்ல. எரிக் ரிப்பெர்னு ஒருத்தர், இப்ப நியூயார்க்ல லெ பெர்னார்தன் ஷெஃப், அவர் சின்னப் பையனா ஜமேன்ல நின்னவர். அங்க இருந்த பயத்தையும் அழுத்தத்தையும் அப்பறமா விவரமா எழுதிருக்கார், அதே சமயம் ரொபுஷோன தன் குருனுதான் சொல்வார். உன் சூ ஷெஃப் கதைய இதோட நிறுத்திட்டார், நீ நிறுத்தாத. ரிப்பெர் தலைமைக்கு வந்த புதுசுல அவரும் அதே மாதிரி கத்தினவர், ஆளுங்க கிச்சன விட்டு போக ஆரம்பிச்சப்பறம்தான் தப்பு தன்கிட்டனு புரிஞ்சு, கிச்சன்ல கத்தறதையே நிறுத்தினேன்னு அவரே பல எடத்துல சொல்லிருக்கார். கத்தறத நிறுத்தினதால லெ பெர்னார்தன் கெட்டா போச்சு? மிஷ்லின் கைடு நியூயார்க்குக்கு வந்த நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் மூணு ஸ்டார்.

இன்னும் பின்னாடி போனா எஸ்கோஃபியேனு ஒரு பழைய ப்ரெஞ்சு ஷெஃப். இன்னிக்கு நீயும் நானும் கமி, ஷெஃப் த பார்த்தி, சூ ஷெஃப்னு வரிசை போட்டு நிக்கறோமே, அந்த பிரிகேட் முறைய ஒழுங்கு பண்ணவர். தன் கிச்சன்ல குடியையும் கூச்சலையும் கட்டுப்படுத்தினவர் அவர். அடுப்புச் சூட்டுல ஆளுங்க சாராயத்த குடிக்காம இருக்க பார்லி தண்ணி காய்ச்சி வெச்ச மனுஷன். அதனால கத்தறதுதான் ப்ரெஞ்சு பாரம்பரியம்னு எவனாவது சொன்னா நம்பாத. சர்வீஸ் நேரத்துல சத்தமா பேசறது வேற, ஆர்டர் சொல்றவன் உரக்க சொல்லணும், பின்னாடி கொதிக்கற சட்டியோட வர்றவன் "ஷோ! ஷோ!" (சூடு! சூடு!)னு கத்திட்டே வரணும், அது உயிர் பாதுகாப்பு. சூடான தட்ட ஆள் மேல வீசறது அடிதடி. கொப்புளத்த போட்டோ எடு, தேதி போட்டு எக்சிக்யூட்டிவ் ஷெஃபுக்கும் ஹெச்ஆருக்கும் எழுத்துல குடு, வாயால சொல்லாத. ஒண்ணும் நடக்கலனா வேற செக்‌ஷன் கேளு, அதுவும் இல்லனா ஹோட்டல மாத்து, சென்னைல கமிக்கு ஆள் தேடாத ஹோட்டலே இல்ல. உன் சூ ஷெஃபுக்கு ரொபுஷோன்கிட்ட கத்துக்க ஆயிரம் விஷயம் இருந்துச்சு, அவர் பொறுக்கினது அந்தத் தட்ட மட்டும்தான், அதுவே அவர் எப்படிப்பட்ட ஷெஃப்னு காட்டுது.

ரொபுஷோன் வாழ்க்கைல எனக்கு ரொம்பப் பெரிய விஷயமா படறது 1996. உச்சத்துல இருக்கார், அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான் அவரோடது உலகத்துலயே நம்பர் ஒன் ரெஸ்டாரன்ட்னு ஒரு பெரிய பேப்பர் எழுதிருக்கு, அப்ப 51 வயசுல போதும்னு கதவ சாத்திட்டு போனார். கூட இருந்த ஷெஃப்கள் நெஞ்சு வலி, டென்ஷன்னு அம்பது தாண்டறதுக்குள்ள போறத பாத்துட்டேன், எனக்கு அது வேணாம்னு சொல்லிட்டுதான் போனார். அவர் பயந்தது சும்மா இல்ல. 2003 பிப்ரவரில சோலியூ ஊர்ல பெர்னார் லுவாசோ, மூணு ஸ்டார் ஷெஃப், 52 வயசு, தன் உயிர தானே எடுத்துக்கிட்டார். கடன், ஓயாத வேலை, மன அழுத்தம் எல்லாம் இருந்துச்சு, ரெஸ்டாரன்ட்டுக்கு 20க்கு மார்க் போடற கோ மியோ கைடு 19லேர்ந்து 17க்கு அவரோட மார்க்க குறைச்சது, மூணாவது ஸ்டார் போயிடும்னு வதந்தி, இதெல்லாம் மேல வந்து விழுந்தது. ஸ்டார் கடைசி வரைக்கும் போகல. அதுக்கப்பறம்தான் ப்ரான்ஸ்லயே இந்தத் தொழில் ஆள என்ன பண்ணுதுனு வாய் திறந்து பேச ஆரம்பிச்சாங்க. உனக்கும் தூக்கம் வரலனு எழுதிருக்க, ஆசைல வராம இருந்தா பரவாயில்ல, வேலைக்கு போகணுமேங்கற பயத்துல வரலனா அத லேசா விடாத, வீட்லயோ டாக்டர்கிட்டயோ பேசு.

அதே 2003ல ரொபுஷோன் திரும்பி வந்தார், டோக்கியோலயும் பாரீஸ்லயும் லாத்தலியேங்கற ரெஸ்டாரன்ட் திறந்தார். டேபிள், வெள்ளைத் துணி எதுவும் கிடையாது, கிச்சன சுத்தி ஒரு கவுன்டர், சுஷி கடை மாதிரி வாடிக்கையாளர் ஸ்டூல்ல உக்காந்து சமையக்காரன் கைய பாத்துட்டே சாப்பிடுவார். எல்லாரும் இத புதுமைனு கொண்டாடினாங்க, எனக்கு அதுல பட்டது வேற. கஸ்டமர் மூஞ்சிக்கு நேரா நின்னு எவனும் தட்ட வீச முடியாதே. அப்பறம் இன்னொண்ணு, மூணு ஸ்டார் ரெஸ்டாரன்ட்ல லாபம் ரொம்ப மெல்லிசு, ஒரு கஸ்டமருக்கு ஒரு ஸ்டாஃப்ங்கற அளவுக்கு ஆள் நிப்பாங்க, அதனாலதான் பெரிய ஷெஃப் எல்லாரும் பேர வெளில விக்கறாங்க. ரொபுஷோனும் 80கள்லயே ஃப்ளரி மிஷோன் கம்பெனிக்கு சூப்பர்மார்க்கெட் பாக்கெட் சாப்பாடு டிசைன் பண்ணிக் குடுத்தவர்தான், டிவி நிகழ்ச்சி வருஷக்கணக்கா பண்ணவர்தான். இத கொறையா சொல்லல, இந்தத் தொழில்ல பணம் அடுப்படிலேர்ந்து வர்றது கம்மிங்கறத நீ தெரிஞ்சுக்கணும்.

உன் கனவுல இருக்கற பாரீஸ் கிச்சன்ல ஒரு நாள் எப்படி போகும்னு சொல்றேன். காலைல எட்டரை ஒம்பதுக்கு உள்ள போவ. வெங்காயம், ஷாலட் (சின்ன வெங்காயம் மாதிரி), பூண்டு, மீன் சுத்தம், எலும்பு வறுக்கறது, ஸ்டாக். பதினொன்ற வாக்குல ஸ்டாஃப் சாப்பாடு, பத்து பதினஞ்சு நிமிஷம், பல எடத்துல நின்னுட்டேதான். பன்னெண்டுலேர்ந்து ரெண்டரை வரைக்கும் சர்வீஸ், அப்பறம் அடுப்ப தேய்ச்சு கழுவி மூணு மூன்றைக்கு விடுவாங்க. திரும்ப சாயங்காலம் ஆறுக்கு வரணும், நடுவுல இருக்கற நேரத்துக்கு கூப்யூர்னு பேரு. ரூம் புறநகர்ல ஒரு மணி நேர ரயில் தூரத்துல இருக்கறவன் போய்ட்டு வர முடியாது, அதனால லாக்கர் ரூம்லயோ பார்க் பெஞ்ச்லயோ படுப்பான், குளிர்காலத்துல அதுவும் முடியாது. ராத்திரி சர்வீஸ் முடிஞ்சு, மிச்சத்த டப்பால போட்டு தேதி லேபிள் ஒட்டி, சூடா இருக்கறத ரெண்டு மணி நேரத்துக்குள்ள 63 டிகிரிலேர்ந்து 10 டிகிரிக்கு கீழ இறக்கி, ஃப்ரிட்ஜ் டெம்பரேச்சர் எழுதி, தரைய கழுவி வெளில வர்றப்ப பன்னெண்டு தாண்டிருக்கும், கடைசி ரயிலுக்கு ஓடணும். வெள்ளி சனி ஊர் முழுக்க வெளில சாப்பிட வரும், உனக்கு லீவு ஞாயிறு திங்களா இருக்கும், பொங்கல் தீபாவளி எல்லாம் போன்லதான்.

காகிதத்துல வாரத்துக்கு 39 மணி நேரம்னு கான்ட்ராக்ட் இருக்கும். நெஜத்துல எவ்ளோங்கறது எடத்த பொறுத்தது, சில எடம் இப்ப ஒழுங்கா கணக்கு வெக்கறாங்க, லீவு நாளையும் கூட்டிட்டாங்க, ஏன்னா ஆள் கிடைக்க மாட்டேங்குது. சில எடம் இன்னும் பழைய மாதிரிதான். 2024 நவம்பர்ல குறைஞ்சபட்ச கூலி மணிக்கு 11.88 யூரோனு வெச்சாங்க, கமிக்கு அத ஒட்டிதான் கிடைக்கும், பிடிச்சதெல்லாம் போக 1,600 யூரோ சுமாரா கைக்கு வரும்னு வெச்சுக்கோ. அதுல பாரீஸ்ல ஒரு சின்ன ரூமுக்கே பாதி போயிடும். ரூபாய்ல பெருக்கிப் பாத்து வாய பொளக்கற நம்ம பசங்க இத மட்டும் கணக்குல சேக்க மாட்டாங்க. அப்பறம் ஒடம்பு. கால்தான் மொதல்ல சொல்லும், முட்டி, இடுப்பு, அப்பறம் கைல கத்திக்காயம், சூட்டுக்காயம், எங்க ஆளுங்க கைய பாத்தே எத்தன வருஷம் அடுப்படில நின்னான்னு சொல்லிடலாம்.

அங்க நம்ம ஆளுங்க இருக்காங்களானு நீ கேக்கல, நானே சொல்றேன். எண்பதுகள்லேர்ந்து இலங்கைத் தமிழர்கள் பாரீஸ் ரெஸ்டாரன்ட்கள்ல எக்கச்சக்கமா இருக்காங்க, பெரும்பாலும் ப்ளோஞ்ச்ல, அதாவது பாத்திரம் கழுவற எடத்துல ஆரம்பிச்சவங்க, அதுல எத்தனையோ பேர் மெல்ல மெல்ல அடுப்புக்கு வந்து இப்ப நல்ல நல்ல எடத்துல சமைக்கறாங்க. நான் புதுசா போனப்ப என் பக்கத்துல நின்ன யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருத்தர், ப்யூரே தேய்ச்ச சல்லடைய நான் சுடுதண்ணிக்கு அடில பிடிக்கப் போறப்ப கைய பிடிச்சு, "தம்பி, உதுக்கு முதல்ல பச்சைத்தண்ணி விடும், சுடுதண்ணி விட்டா இறுகிப் போயிடும்"னார். எந்த காலேஜ்லயும் எனக்கு இத சொல்லித் தரல. ப்ரெஞ்சு சமையல்ல சாமான் சுத்தம் எவ்ளோ பெரிய விஷயம்னு அவர்கிட்டதான் கத்துக்கிட்டேன். 2023ல பாரீஸ் நகரத்தோட சிறந்த பகெத் (நீளமான ப்ரெட்) பரிசு வாங்கினது யாருனு தேடிப் பாரு, தர்ஷன் செல்வராஜா, இலங்கைலேர்ந்து போன நம்ம தமிழர்தான், 20வது வட்டாரத்துல பேக்கரி வெச்சிருக்கவர். அந்தப் பரிசு வாங்கினா ஒரு வருஷம் ஜனாதிபதி மாளிகைக்கு ப்ரெட் சப்ளை பண்ணணும். அவர் 2006ல ப்ரான்ஸ் போனவர், நடுவுல பதினேழு வருஷம் இருக்கு, கவனிச்சியா.

இப்ப ஏஜென்ட். ப்ரான்ஸ்ல ஸ்டாஜ்ங்கறது படிப்போட ஒரு பகுதி. அதுக்கு கொன்வான்சியோன்னு ஒரு ஒப்பந்தம் கட்டாயம், அதுல ரெஸ்டாரன்ட், ஸ்டூடன்ட், படிக்கற ஸ்கூல் மூணு தரப்பும் கையெழுத்து போடணும். ஸ்கூல் இல்லனா ஸ்டாஜே சட்டப்படி கிடையாது. நீ டிகிரி முடிச்சுட்ட, இப்ப எந்த ஸ்கூல் உனக்கு கையெழுத்து போடும்? அந்தக் கேள்விய ஏஜென்ட்கிட்ட கேட்டுப் பாரு, பேச்ச மாத்துவார். ரெண்டு மாசத்துக்கு மேல போற ஸ்டாஜுக்கு ரெஸ்டாரன்ட்தான் உனக்கு படி குடுக்கணும், மணிக்கு நாலு யூரோ சொச்சம், கம்மிதான், ஆனா பணம் அவங்ககிட்டேர்ந்து உனக்கு வரணுமே தவிர உன்கிட்டேர்ந்து போகக்கூடாது. வேலை கான்ட்ராக்ட்ல போறதா இருந்தா பெர்மிட்டுக்கு அந்த ரெஸ்டாரன்ட் ஓனர்தான் ஆன்லைன்ல அப்ளை பண்ணணும், அதையும் ஏஜென்ட் பண்ண முடியாது. டூரிஸ்ட் விசால கூட்டிட்டு போய் ஏதோ ஒரு கடை பேஸ்மென்ட்ல பாத்திரம் கழுவ விட்டு, பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சுக்கிட்ட கதைய பாதிக்கப்பட்ட பசங்க வாயாலயே கேட்டிருக்கேன். ஏற்கனவே அட்வான்ஸ் ஏதாவது குடுத்திருந்தா மெசேஜ், ரசீது எல்லாத்தையும் பத்திரப்படுத்தி எழுத்துல திருப்பிக் கேளு.

நேர் வழி இருக்கு, மெதுவான வழி. சென்னை நுங்கம்பாக்கத்துல ப்ரெஞ்சு சொல்லித் தர்ற அலியான்ஸ் ஃப்ரான்சேஸ் இருக்கு, ப்ரான்ஸ்ல படிக்கப் போறவங்களுக்கு வழி சொல்ற கம்பஸ் ஃப்ரான்ஸ் ஆளுங்களையும் அங்கேயே பாக்கலாம். மொதல்ல மொழி. மொழி தெரியாம கிச்சனுக்குள்ள போனா நீ எத்தன வருஷம் நின்னாலும் ஷாலட்தான் உரிப்ப, ஏன்னா சர்வீஸ் நடுவுல உனக்காக யாரும் இங்கிலீஷ்ல திரும்ப சொல்ல மாட்டான். அப்பறம் ஸ்டூடன்ட் விசால ஒரு படிப்பு. ஃபெராந்தி, லியோன் பக்கத்துல எக்குயில இருக்கற அன்ஸ்தித்யூ லிஃப், அதாவது பால் பொகூஸ் பேர்ல இருந்துச்சே அதேதான், இதெல்லாம் நல்ல ஸ்கூல், ஆனா ஃபீஸ் பல லட்சம், அதுக்காக வீட்ட அடகு வெக்கச் சொல்ல மாட்டேன். சேஆப் க்யிசீன்னு அரசு டிப்ளமா இருக்கு, அதான் அங்க அடிப்படைத் தகுதி, பெரியவங்க ஒரே வருஷத்துல கூட முடிக்கற மாதிரி எடுத்து நடத்தற எடமெல்லாம் உண்டு. ஸ்டூடன்ட் விசால வருஷத்துக்கு 964 மணி நேரம் சட்டப்படி வேலை பாக்கலாம். அந்த மணி நேரத்துல மூணு ஸ்டார தேடாத, பதினஞ்சு டேபிள் போட்ட நல்ல பிஸ்ட்ரோவா பாத்து சேரு. மூணு ஸ்டார் கிச்சன்ல ஸ்டாஜுக்கு போற பையன் ஆறு மாசமும் ஒரே கீரைய கிள்ளிட்டு திரும்பி வந்தத பாத்திருக்கேன், சின்ன பிஸ்ட்ரோல ஆறு மாசத்துல மீன், சாஸ், இனிப்பு எல்லா மூலைலயும் நிக்க விடுவாங்க.

அப்பா விஷயத்துல ரொபுஷோன் கதைய அவர்கிட்ட சொல்லிட்டு இருக்காத, அவருக்கு யாரோ வெள்ளக்காரன் பெரியாளானதால என்ன ஆகப் போகுது. அவர் கேக்கறது மானப் பிரச்சன மாதிரி தெரியும், ஆனா அதுல பாதி கடன் கவலைதான். லோன் எவ்ளோ பாக்கி, மாசம் எவ்ளோ கட்டற, கமி 2லேர்ந்து கமி 1, டெமி ஷெஃப் ஆனா சம்பளம் எவ்ளோ ஏறும்னு ஒரு பேப்பர்ல எழுதி அவர் முன்னாடி வை. மாசாமாசம் கடன கட்டற பையன சமையக்காரன்னு ரொம்ப நாள் திட்ட மாட்டார். ஒரு ஞாயித்துக்கிழமை வீட்ல நீயே சமைச்சும் போடு, ஆனா ப்யூரே வேணாம், அவருக்குப் பிடிச்ச மீன் கொழம்பாவே இருக்கட்டும்.

ப்யூரேவ ஹோட்டல்ல செய். ராத் கிழங்கு இங்க கிடைக்காது, ஊட்டிக் கிழங்குல சின்னதா, மாவா உதிராததா பொறுக்கி எடுத்துக்கோ. ஷிஃப்ட் முடிஞ்சப்பறம் ஷெஃப்கிட்ட கேட்டு அரை கிலோ போட்டுப் பாரு, கிழங்கு எடை, தோல் போக எடை, வெண்ணெய், பால், ஆன நேரம், ஒரு போர்ஷனுக்கு ஆன செலவு எல்லாத்தையும் நோட்ல எழுது. அடுத்த நாளும் அதே மாதிரி வருதானு பாரு. மொதல் நாள் நல்லா வந்தா பெருமைப்படாத, பத்தாவது தடவையும் அதே மாதிரி வந்தா உனக்கு இந்தத் தொழிலுக்கு கை இருக்குனு அர்த்தம், அதுக்கப்பறமும் அலுக்காம இருந்துச்சுனா பாரீஸ் பத்தி யோசி. நல்ல வழுக்காத ஷூ ஒண்ணு வாங்கிக்கோ, சம்பளம் கம்மினாலும் அதுல கஞ்சத்தனம் பண்ணாத, முட்டி போனா திரும்பி வராது.

ப்ரெஞ்சு மொழில ஏ2, அதாவது ரெண்டாவது படி லெவல் முடிச்சதும் எனக்கு எழுது, எந்த ஸ்கூல், எந்த ஊருங்கறத அப்ப பேசலாம், இப்பவே அத பேசி ரெண்டு பேரும் நேரத்த வீணாக்க வேணாம். அந்த ஹெச்ஆர் லெட்டர மட்டும் இந்த வாரமே குடுத்துடு.